மாமா நிறுத்திய மாத்திரை

என் அக்கா வீட்டுக்காரரை லாரிக்காரர்கள் எல்லாரும் கிலோ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷம் ஒரே எடைமேடையில் வேலை பார்த்தவர். பெரிய சாலையிலிருந்து பிரிகிற மண்பாதையில், நான்கு படி உயரத்தில் ஒரு தகரக் கூண்டு. உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி, சிவப்பு எண்கள் ஓடுகிற ஒரு பெட்டி, சீட்டு அச்சடிக்கிற ஒரு எந்திரம். ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி முழுசாக நிற்கிற நீளத்துக்கு இரும்புத் தட்டு. லாரி ஏறும், எண் ஓடி நிற்கும், மாமா சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். இவ்வளவுதான் வேலை என்று நான் நினைத்திருந்தேன். நான் பல விஷயங்களை இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தவன்.

அதில் எத்தனை தில்லுமுல்லு உண்டு என்பது ஒரு நாள் அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். சரக்கின் எடையைக் குறைத்துக் காட்ட வேண்டுமென்றால் பின்சக்கரம் ஒன்றைத் தட்டின் விளிம்புக்கு வெளியே விட்டு நிறுத்துவார்கள். காலி வண்டியைக் கனமாகக் காட்ட வேண்டுமென்றால் பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வருவார்கள். மாமா எழுந்து எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். தட்டு அதிர்கிற சத்தமே அவருக்குப் போதும். "பின்னாடி ஒரு சக்கரம் கீழ நிக்குது, மேல ஏத்துப்பா" என்பார். ஒரு டிரைவர் ஏற்ற மாட்டேன் என்று முக்கால் மணி நேரம் ஹாரனை அமுக்கிக்கொண்டு நின்றான். மாமா டீயை ஆற்றிக் குடித்தார், தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார், மறுபடி உட்கார்ந்தார். கடைசியில் அவனே ஏற்றினான். "மெஷின் காட்டாத நம்பரை நான் எழுத மாட்டேன்" என்பதுதான் அவர் வாயிலிருந்து வந்த மிக நீளமான வசனம்.

நான் அவருக்கு நேர் எதிர். எனக்கு வாய் ஓயாது. பத்தொன்பது வருஷமாக ஒரு மருந்துக் கடைக் கவுண்டரில் நிற்கிறேன். இருமல் மருந்து வாங்க வருகிறவரைச் சிரிக்க வைத்து, அந்தச் சிரிப்பில் அவர் இன்னும் நாலு இருமல் இருமினால்தான் எனக்குத் திருப்தி. அக்கா புருஷன் என்றால் கேட்க வேண்டுமா. அவர் வழுக்கை, அவர் நடை, அவர் குறட்டை, ஒன்றையும் நான் விட்டு வைத்ததில்லை. அவர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்வார். அது என்னை ஒரு வாரம் எழுந்திருக்க விடாது. கல்யாணமான புதிதில் என் மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அழிச்சிட்டு மறுபடி எழுதக் கூடாதா மாப்ளே?" என்று கேட்டார். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசியதையெல்லாம் இரண்டு பேருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாலையில் அவர் கை கால் கழுவிவிட்டு அடுப்படி வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்காருவார். "இன்னைக்கு எண்ணூத்தி அறுபது டன்" என்பார். "அவ்வளவையும் நீங்களா தூக்கினீங்க?" என்று அக்கா கேட்பாள். தினமும் இதே கேள்வி, இதே பதில், இதே சிரிப்பு. எனக்கு அலுத்துப்போகும். அவர்களுக்கு இருபத்திரண்டு வருஷமாக அலுக்கவில்லை.

அந்த நாலு படிதான் முதலில் காட்டிக்கொடுத்தது. ஒரு காலையில் மாமா இரண்டாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. விரலை வைத்து அமுக்கினால் குழி அப்படியே நின்றது. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். இதயம் பெரிதாகித் தொளதொளத்துவிட்டது, தள்ள வேண்டிய ரத்தத்தில் பாதியைக்கூடத் தள்ளவில்லை என்றார் டாக்டரம்மா. அவருக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். வேகமாகப் பேசுவார், ஆனால் கண்ணைப் பார்த்துப் பேசுவார். ஐந்து மாத்திரை எழுதினார். மூன்றாவதாக எழுதிய சின்ன மாத்திரையைப் பேனாவால் இரண்டு முறை தட்டிக் காட்டினார். "இதை மட்டும் ஒருநாளும் விடாதீங்க. இதயம் நார் நாரா இறுகிப்போகாம காப்பாத்தறது இதுதான்." பிறகு ஒரு நோட்டைக் கொடுத்தார். தினமும் காலையில் எடை பார்த்து எழுத வேண்டும். மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ கூடினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது என்று அர்த்தம். உடனே வர வேண்டும்.

"இதுவரைக்கும் ஊரான் வண்டியை எடை போட்டேன். இனிமே என் வண்டி" என்றார் மாமா. அவர் நாலு பேருக்கு முன்னால் நகைச்சுவை பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான். பயந்துபோயிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

மாத்திரைகள் என் கடையிலிருந்துதான் போயின. பெட்டியைப் பிரித்து, அட்டைகளை எண்ணி, ரப்பர் பாண்டு போட்டு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். பெட்டிக்குள் எட்டாக மடித்த ஒரு தாள் இருக்கும், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில். அதை யார் படிக்கிறார்கள்? எங்கள் கடையில் அந்தத் தாள்களைச் சேர்த்து வைத்துக் கண்ணாடி அலமாரியைத் துடைப்போம். நன்றாகத் துடைக்கும், கோடு விழாது. எந்த மாத்திரை எந்தத் தட்டில் இருக்கிறது என்று என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அது உள்ளே போய் என்ன செய்கிறது என்று கேட்டால் நான் எழுந்திருக்கவே மாட்டேன்.

மாமா தேறினார். நாலாவது மாதம் அந்த நாலு படியையும் நிற்காமல் ஏறினார். நோட்டில் அறுபத்து மூன்று, அறுபத்து மூன்று என்று வரிசையாக எழுதியிருந்தது, அச்சடித்த மாதிரி. அக்கா முகத்தில் மறுபடி ரத்தம் ஓடியது.

ஏழாவது மாதமோ எட்டாவது மாதமோ, ஒரு மத்தியானம் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கக் கூண்டுக்குப் போனேன். தகரம் காய்ந்துகொண்டிருந்தது. மாமா வழக்கம்போலச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு பனியனோடு உட்கார்ந்திருந்தார். சீட்டுக்காக மூன்று டிரைவர்கள் ஜன்னலில் நின்றார்கள். பனியனுக்குள் மாமாவின் மார்பு இரண்டு பக்கமும் உப்பியிருந்தது. உடம்பு மெலிந்திருந்ததால் அது மட்டும் எடுப்பாகத் தெரிந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கூட்டம் வேறு இருந்தது. கூட்டத்தைப் பார்த்தால் எனக்குத் தலைகால் புரியாது.

"என்ன மாமா, அக்காவுக்குப் போட்டியா கிளம்பிட்டீங்க? அளவு சொல்லுங்க, நம்ம தெரு டெய்லர்கிட்ட ரெண்டு ரவிக்கை தைக்கக் கொடுத்துடறேன்."

டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மாமாவும் சிரித்தார். அதைத்தான் நான் இன்றுவரை பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன், அவரும் சிரித்தாரே என்று. சிரித்துக்கொண்டே எழுந்து ஆணியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டு, கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுக்கொண்டார். பிறகு உட்கார்ந்து மூன்று சீட்டையும் அச்சடித்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் சட்டையைக் கழற்றியதில்லை. லாரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை கிடைத்தால் சும்மா விடுவார்களா. கிலோ என்று கூப்பிட்டவர்கள் "கிலோ அக்கா" என்று ஆரம்பித்தார்கள். எனக்கு அது காதில் விழுந்தது. என் கேலி இவ்வளவு தூரம் ஓடுகிறதே என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது, இருந்தது.

மாமா யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. இந்த வீக்கம் எந்த மாத்திரையால் வருகிறது என்று அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் அவரே கண்டுபிடிக்கக் கிளம்பினார். சுமை வண்டியின் எடையிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தால் சரக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். இருபத்தாறு வருஷமாக அவர் செய்தது அதைத்தான். ஐந்து மாத்திரையில் ஒன்றை மட்டும் பத்து நாள் நிறுத்திப் பார்த்தார். மார்பு வீக்கமும் அதில் இருந்த வலியும் அப்படியே இருந்தன. அதை மறுபடி போட்டுக்கொண்டு அடுத்ததை நிறுத்தினார். மூன்றாவதை நிறுத்தியபோது, பத்து நாள் முடிவதற்குள் சட்டை உரசினால் இருந்த வலி குறைந்தது. கண்டுபிடித்துவிட்டார். டாக்டரம்மா பேனாவால் இரண்டு முறை தட்டிக் காட்டிய அதே சின்ன மாத்திரை. அதை அன்றோடு நிறுத்தினார். மாதாமாதம் நான் கொடுத்த அட்டைகளை எப்போதும்போல வாங்கிக்கொண்டார். ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கூண்டில் மேசைக்கு அடியில் வைத்தார்.

நோட்டில் அறுபத்து மூன்று மாறவே இல்லை. நான்தான் நோட்டைப் புரட்டிப் பார்த்து, "மாமா உடம்பு கல்லு மாதிரி நிக்குதுக்கா" என்று அக்காவிடம் சொன்னேன். அந்த நாட்களில் அவள் பேச்சே குறைந்துவிட்டது. மாமா முன்னறையில் ஒரு கட்டிலைப் போட்டுத் தனியாகப் படுக்க ஆரம்பித்திருந்தார். நான் இருமினால் உன் தூக்கம் கெடும் என்று சொன்னாராம். குளித்துவிட்டுச் சட்டையோடுதான் வெளியே வந்தார். முக்காலி அடுப்படி வாசலிலிருந்து எப்போதோ நகர்ந்துபோயிருந்தது. இத்தனை டன் என்று அவர் சொல்வதும் நின்றது, அவள் கேட்பதும் நின்றது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

நடுவில் ஒருமுறை டாக்டரம்மாவிடம் போனோம். நானும் அக்காவும் மாமாவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டரம்மா சட்டைக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார், நோட்டைப் பார்த்தார், காலை அமுக்கிப் பார்த்து லேசாக முகம் சுளித்தார். "எடை கூடவே இல்லையே, அப்புறம் எப்படி கால்ல நீர்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு நீர் மாத்திரையை அரை கூட்டினார்.

"மாத்திரை எல்லாம் ஒழுங்கா போடறீங்களா?"

"போடறேங்க."

"வேற ஏதாவது தொந்தரவு இருக்கா? எதுவா இருந்தாலும் சொல்லலாம்."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு விநாடி. நான், சொல்லுங்க மாமா, குறட்டை விடறதைச் சொல்லுங்க என்று சிரித்தேன். "ஒண்ணும் இல்லைங்க" என்றார் டாக்டரிடம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் அக்கா கடைக்குப் போன் செய்தாள். மூச்சு விட முடியாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டிருக்கிறார் என்றாள். நுரையீரலில் நீர் நிறைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் படுக்கையோடு சேர்த்து எடை போட்டு, படுக்கையின் எடையைக் கழித்தார்கள். எழுபத்தொன்று. டாக்டரம்மா நோட்டையும் அந்த எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். அக்காவைக் கையெழுத்துப் போட வெளியே அனுப்பிவிட்டு, மாமாவின் சட்டையைத் திறந்தார். வீக்கம் பாதி வடிந்துதான் இருந்தது. ஆனால் அவர் விரலுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"அந்தச் சின்ன மாத்திரையை நிறுத்தி எத்தனை நாள் ஆச்சு?"

"நிறுத்தலையே டாக்டர், நான்தான் மாசாமாசம் கொடுக்கறேன்."

"கொடுக்கறீங்க. சாப்பிட்டாரா?"

அவர் சுவரில் சாய்ந்துகொண்டு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இதயம் தளர்ந்தால் உடம்பு பயந்துபோய் ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அது ரத்தத்தோடு போய் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நுழைந்து, அங்கே தனக்கென்று இருக்கிற ஒரு இடத்தில் போய் உட்காரும். ரிசப்டார் என்பது அந்த இடம்தான். ஹார்மோன் வந்து உட்கார்ந்ததும் அது செல்லின் கருவுக்குள் போய், உப்பைப் பிடித்து வை, தண்ணீரைப் பிடித்து வை, இதயச் சதையில் நார் கட்டு என்று உத்தரவு போடும்.

"உங்க மாமா கூண்டுல ஒரே நாற்காலிதான்னு நீங்க சொன்னீங்களே. அதுல வேற யாராவது போய் உட்கார்ந்துட்டா அவரால சீட்டு அடிக்க முடியாதில்ல? அந்த மாத்திரை செய்யறது அதைத்தான். ஹார்மோனுக்கு முன்னாடி போய் இடத்தைப் பிடிச்சு சும்மா உட்கார்ந்துக்கும். உத்தரவு போகாது."

"அப்புறம் இந்த வீக்கம் ஏன் டாக்டர்?"

"இந்த ரிசப்டார் எல்லாம் ஒரே குடும்பம். உப்புக்கு ஒண்ணு, ஆண் ஹார்மோனுக்கு ஒண்ணு, பெண் ஹார்மோனுக்கு ஒண்ணு. பங்காளிங்க மாதிரி, முகஜாடை ஒத்துப் போகும். இந்த மாத்திரைக்குச் சரியா அடையாளம் தெரியாது. ஆண் ஹார்மோன் உட்கார வேண்டிய இடத்துலயும் போய் உட்கார்ந்துடும். அதனால பத்துல ஒரு ஆம்பளைக்கு மார்பு வீங்கும், வலிக்கும். அவ்வளவுதான். அவருக்கு ஒரு குறையும் இல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இதுக்கு மாத்து மாத்திரை இருக்கு. அது உப்பு ரிசப்டார்ல மட்டும்தான் உட்காரும், வேற எங்கயும் போகாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தி எழுதியிருப்பேன். நானும் சட்டையைத் திறந்து பார்த்திருக்கணும். கேட்டுக் கேட்டுப் பார்த்திருக்கணும்."

மாத்து மாத்திரையின் பெயரைச் சொன்னார். எனக்குத் தெரிந்த பெயர்தான். எங்கள் கடையில் கல்லாவுக்குப் பின்னால் இரண்டாவது தட்டு, இடது ஓரம். கை நீட்டினால் எட்டும். வேறு யார் யாருக்கோ நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அன்று கடைக்குப் போய் அந்தச் சின்ன மாத்திரைப் பெட்டியைப் பிரித்து எட்டாக மடித்த தாளை எடுத்துப் படித்தேன். மூன்றாவது பத்தியில் இருந்தது: ஆண்களுக்கு மார்பில் வீக்கமோ வலியோ ஏற்பட்டால் மருத்துவரிடம் தெரிவிக்கவும். கல்லாவுக்கு அடியில் உட்கார்ந்து அழுதேன். வந்தவர்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மாமாவுக்குக் கொஞ்சம் மூச்சு அடங்கியிருந்தது. ஆக்சிஜன் முகமூடியைத் தள்ளிவிட்டுப் பேசினார். மாத்திரையை நிறுத்திய கதையை, பத்து பத்து நாள் கணக்கை, டின்னைப் பற்றியெல்லாம் அப்போதுதான் சொன்னார்.

"நோட்டுல எப்படி மாமா எடை கூடல?"

"மெஷின் காட்டினதைத்தான் எழுதினேன் மாப்ளே. பொய் எழுதல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஒரு கையைச் சுவத்துல ஊனிக்கிட்டு நிப்பேன். அறுபத்தி மூணு வர்ற வரைக்கும் அமுக்குவேன்."

ஒரு சக்கரம் கீழே. முக்கால் மணி நேரம் ஹாரன் அடித்தவனுக்கு விட்டுக்கொடுக்காத மனுஷன், தினமும் காலையில் பல் விளக்கிவிட்டு வந்து தன் சக்கரத்தைத் தானே கீழே இறக்கி வைத்திருக்கிறார். அப்போதும் எண்ணை மாற்றி எழுத அவருக்குக் கை வரவில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன், "ஏன் மாமா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"உன்கிட்டயா?" என்றார்.

குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "அக்காகிட்ட எதையும் சொல்லாதே. அசிங்கம்" என்றார். சரி என்றேன். அடுத்த நாள் விடிந்து எட்டு மணிக்குப் போய்விட்டார்.

பதினைந்து நாள் கழித்து எடைமேடை முதலாளி மாமாவின் சாமான்களைக் கொடுத்தனுப்பினார். ஒரு துண்டு, தம்ளர், மூக்குக் கண்ணாடி, பிஸ்கட் டின். அக்கா டின்னைத் திறந்தாள். பிரிக்காத அட்டைகள் பன்னிரண்டு. அவளுக்கு எண்ணத் தெரியும். ஒவ்வொரு அட்டையையும் தரையில் வரிசையாக வைத்தாள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் போகும்போதெல்லாம் ஒரே பேச்சு. "நான் அவருக்கு என்னடா குறை வெச்சேன்? கட்டிலைத் தூக்கிட்டு வெளிய போனார். என் முகத்தைப் பாக்கறதை விட்டார். கடைசியில மாத்திரையையும் விட்டுட்டார். என்கூட இருக்கறதைவிடப் போயிடலாம்னு தோணிடுச்சு போல." ஒரு நாள், "பிள்ளை பெத்துக் கொடுக்காததை அவர் மனசுல வெச்சிருந்திருக்கார், எனக்குத்தான் தெரியல" என்றாள். அவள் தன்னைத்தானே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாக்காவது ஒன்றாவது. என் தோலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பனியன், மூன்று டிரைவர்கள், ரவிக்கை, கிலோ அக்கா. டாக்டரம்மா சொன்ன நாற்காலிக் கதை, மாத்து மாத்திரை இருந்த தட்டு, சுவரில் ஊன்றிய கை. அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்ததைத் தட்டில் வைத்துவிட்டு அப்படியே கேட்டாள்.

நான் முடித்த பிறகு, "என்கிட்ட கூச்சப்பட்டுதான் வெளிய படுத்தாரா?" என்றாள்.

"ஆமாக்கா."

"என்னைப் பிடிக்காம இல்லையே?"

"இல்லக்கா. ஐயோ, இல்லக்கா."

அப்போதுதான் அழுதாள். அவர் போன நாளில்கூட அப்படி அழவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, "எனக்குக் காட்டியிருக்கலாமே, எனக்குக் காட்டியிருக்கலாமே" என்று ரொம்ப நேரம் அழுதாள். நான் கிட்டே போய்த் தோளைத் தொட்டேன். என் கையை எடுத்துத் தள்ளி வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து கதவு வரைக்கும் போய், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ கிளம்பு" என்றாள்.

எட்டு மாதம் ஆகிறது. அவள் சரியாகச் சாப்பிடுகிறாள், கடைத்தெருவுக்குப் போய் வருகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். ரத்த அழுத்த மாத்திரையை இப்போது வேறு கடையில் வாங்குகிறாள்.